கதவில் ஒட்டிய சிவப்பு முத்திரை

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்த இன்பராஜுக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும். கேஜ் ஓடும் செங்குத்துக் குழியான ஷாஃப்டில் ஆள் இறங்கி வேலை செய்யும்போது சிவப்புத் தகட்டை மாட்டிவிட்டால், மேனேஜரே வந்து கத்தினாலும் கேஜ் நகராது. மாட்டியவன் வந்து தன் கையால் கழற்றினால்தான் உண்டு.

அந்தப் புத்தியோடுதான் தொண்ணூற்றெட்டில் ஏழைக் குடியிருப்போர் ஆணையத்தில் உறுப்பினரானார். ஆணையம் என்றால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு ரப்பர் முத்திரை. முத்திரைக்கு யாரோ சிவப்பு மை வாங்கி வந்திருந்தார்கள். அந்த மைதான் வினையாகப் போயிற்று.

முதல் மனு ஃப்ளோராவுடையது. சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் புருஷன் செத்துப்போன அதே தொழிலாளர் லைன் வீட்டில் மகளோடு இருந்தாள், துணி தைத்துப் பிழைத்தாள். அந்த லைனை விலைக்கு வாங்கிய மரக்கடைக்காரர் கோர்ட்டில் காலி செய்யும் உத்தரவு வாங்கிவிட்டார். அப்பீலுக்கு முப்பது நாள் இருந்தது. கோலாருக்கு வக்கீலைப் பார்க்கக் கிளம்பியவளை இன்பராஜ்தான் தடுத்தார். விசாரணை முடியும்வரை காலி செய்யக் கூடாது என்று எழுதி, மூன்று உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டு, சிவப்பு முத்திரை குத்திய காகிதத்தை அவரே கோந்து தடவிக் கதவில் ஒட்டினார்.

"இது ஷாஃப்டுல மாட்ன தகடு மாதிரிம்மா. நாங்க எடுக்காம எவனும் கை வெக்க முடியாது. நீ வக்கீல் ஊட்டுக்கெல்லாம் அலையாத."

ஃப்ளோரா நம்பினாள். தினமும் புருஷனைப் பத்திரமாக இறக்கி ஏற்றிய மனிதர் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வாள்?

உத்தரவு வந்த முப்பத்து நான்காம் நாள் காலை, அதை நிறைவேற்றக் கோர்ட் அமீன் நாலு ஆட்களோடு வந்தார். இன்பராஜ் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது காகிதம் கதவில் அப்படியே இருந்தது. கதவுதான் திறந்து கிடந்தது.

அமீன் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. ஆணையத்தை அமைத்த அரசாணையைப் பையிலிருந்து எடுத்துக் கன்னடத்தில் படித்து, பொறுமையாகத் தமிழிலும் சொன்னார். ஆணையம் விசாரிக்கலாம், பரிந்துரை செய்யலாம். கோர்ட் உத்தரவை நிறுத்த அதற்கு அதிகாரம் கிடையாது. முப்பது நாளைக்குள் அப்பீல் போட்டுத் தடை கேட்டிருக்கலாமே என்று அவரே வருத்தப்பட்டார்.

அதே அரசாணை இன்பராஜ் வீட்டு பீரோவிலும் இருந்தது. பட்டு வேட்டி மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருந்தாரே தவிர, ஒரு வரி படித்ததில்லை.

சாமான்கள் தெருவுக்கு வந்தன. தையல் மெஷினின் ஒரு பக்கத்தை இன்பராஜே பிடித்துத் தூக்கினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஃப்ளோரா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவள் கதவிலிருந்த காகிதத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டாள். "நீங்க இன்னும் அத்த எடுக்கலியேண்ணா?"



வீடு காலியானதைப் பதிவு செய்யும் மகஜரை அமீன் இன்பராஜிடம் நீட்டினார். தகராறு இல்லாமல் வீடு காலியானது என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் சாமான்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டிவரும் என்றார்.

"ஆணைய மெம்பர்னா ரொம்ப நல்லது சார். உங்க கையெழுத்து கோர்ட்டுல செல்லும்."

காகிதத்தை வைத்து எழுத ஃப்ளோரா தையல் மெஷின் மேல் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். இன்பராஜ் கையெழுத்துப் போட்டார்.