இரண்டு மில்லி இடைவெளி

டைல்ஸ்காரனுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் இடது கை எழும். வாயைப் பொத்திய பிறகுதான் சிரிப்பே வெளியே வரும். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அப்படி ஒரு சந்து. பள்ளிக்கூடத்தில் "கேட்டைச் சாத்துடா" என்று கேலி செய்தே கொன்றார்கள். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ அதட்டி நிறுத்திவைத்த மாதிரிதான் நிற்கிறான்.

அவன் மகளுக்கு நாலரை வயது. அப்பாவின் பையிலிருந்து உடைந்த டைல் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கி விளையாடுவதால் வீட்டில் அவளுக்குச் சில்லு என்று பேர். அவளுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சிரித்தால் தொண்டை வரைக்கும் தெரியும். முன்னால் நாலு பல், நாலும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்ட மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். நடுச்சந்து வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிச் சுவரில் கோடு போடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் பள்ளிக்கூட நாட்கள்தான் ஞாபகம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி துணி காயப்போடப் போயிருந்த நேரத்தில், ஒரு ஸ்பேசரைக் கழுவி எடுத்துவந்தான். டைலுக்கும் டைலுக்கும் நடுவே ஒரே அளவாய் இடம் விடுவதற்காகச் செருகுகிற பிளாஸ்டிக் துண்டு அது. இரண்டு மில்லிமீட்டர் கனம். "ஆ காட்டு" என்று சொல்லி நடுச்சந்தில் வைத்தான். அளவெடுத்துச் செய்த மாதிரி உள்ளே போய் நின்றது.

"இன்னொண்ணு வைப்பா!" என்று சில்லு குதித்தாள். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"பால் பல்லுங்க அது" என்றாள் மனைவி. அவள் துணி தைக்கும் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவள், வெட்டிக் கவலைக்கு அவளிடம் நேரம் கிடையாது. "விழுந்து முளைக்கப்போற பல்லுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க. விழுந்துச்சு, முளைச்சுது. சந்தும் சேர்ந்துதான் முளைச்சுது."

"சரி, பல் டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிட்டு வந்துடுவோம்."

"பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்"தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்து இவன் வாயையும் ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்குத்தான் பயம். வெட்கம் கெட்ட பயம்.

தொழிலில் மட்டும் அவனை யாராலும் அசைக்க முடியாது. அந்த வாரம் ஒரு வீட்டுக்கார அம்மா கூடத்துத் தரையைப் பார்த்து, "நடுவுல கோடே தெரியக் கூடாதுப்பா, ஒட்டி ஒட்டிப் போடு" என்று பிடிவாதம் பிடித்தார்.

"ஒட்டிப் போட்டா இன்னிக்கு அழகாத்தாங்க இருக்கும். வெயில்ல டைல் விரியும். விரிய இடம் இல்லேன்னா ஒருநாள் படார்னு தூக்கிக்கும். அப்போ என்னைத்தான் திட்டுவீங்க" என்று அவன் சொன்ன சொல்லில் அந்த அம்மா கப்சிப்.

அன்று சாயங்காலம் மாடிவீட்டுப் பெண் படியில் நின்றுகொண்டு, பல் கம்பியில் ஒரு குட்டி ரப்பரை மாட்டிக்கொண்டிருந்தாள். "இது எதுக்கும்மா?" என்று கேட்டான். "பல்லை இழுத்துச் சேக்கறதுக்குண்ணே. டாக்டர் குடுத்தது" என்றாள். போதாதா? கம்பியை விட்டான், டாக்டரையும் விட்டான், ரப்பரை மட்டும் பிடித்துக்கொண்டான். கையில் உளி பிடிக்கத் தெரிந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துவிட்டான், மடையன்.

சில்லுவின் ஜடை நுனிக்குப் போடுகிற மெல்லிய ரப்பர் வீட்டில் டப்பா நிறைய இருந்தது. அவன் ஐந்து மணிக்கு வீடு திரும்புவான், மனைவி எட்டு மணிக்கு. நடுவில் பிள்ளை டிவி பார்க்கும் நேரத்தில் இரண்டு முன்பற்களையும் சேர்த்து ரப்பரைச் சுற்றிவிடுவான். எட்டடிக்கக் கால்மணி இருக்கும்போது எடுத்துவிடுவான்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?"

"ஏன்பா?"

"பல்லு சேந்த பிறகு அம்மா பாத்து அசந்து போகணும்ல? வாயைக் கெட்டியா மூடிக்கோ."

சில்லு உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு தலையாட்டினாள். ரகசியம் என்றால் அவளுக்கு உயிர்.

பத்தாவது நாளோ என்னவோ, கம்பெனியில் கரண்ட் போய் மனைவி ஆறு மணிக்கே வந்துவிட்டாள். சில்லு வாயைப் பொத்திக்கொண்டு போர்வைக்குள் பாய்ந்தாள். சாப்பாடு, துணி மடிப்பு என்று நேரம் ஓடி, கடைசியில் வாய் கழுவுகிற சாக்கில் பிள்ளையைத் தனியே இழுத்துப்போய்ப் பார்த்தால், ரப்பரைக் காணோம்.

"முழுங்கிட்டியா?"

"தெரியலப்பா."

முழுங்கியிருப்பாள் என்று முடிவுகட்டினான். அடுத்த இரண்டு நாள் பார்க்கக் கூடாததையெல்லாம் குனிந்து பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பயத்தில் வேறு ரப்பர் போடவுமில்லை, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அட மனுஷா, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே!

ஆனால் இரண்டு வாரத்தில் சந்து மூடிக்கொண்டது. முன்பற்கள் இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. "நான்தான் சொன்னேன்ல? தானா சேந்துடுச்சு பாத்தீங்களா" என்றாள் மனைவி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையை வாசலில் நிறுத்தி, "ஈ சொல்லு, ஈ சொல்லு" என்று பத்துப் போட்டோ எடுத்தான்.

மாதம் ஒன்று போயிற்று. அந்த இரண்டு பற்கள் மட்டும் மற்றவற்றைவிட நீளமாகத் தெரிந்தன. பல் தேய்த்தால் பிரஷ்ஷில் ரத்தம். பிஸ்கட்டைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். ஒருநாள் காலையில், "ஆடுதும்மா" என்று தொட்டுக் காட்டினாள். ஈறு உப்பிச் சிவந்திருந்தது. மனைவி அன்றைய ஷிப்டை விட்டாள். டைல்ஸ்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனான்.

பல் டாக்டர் நடுவயதுப் பெண்மணி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல்லுல நூலோ ரப்பரோ ஏதாவது கட்டினீங்களா?" என்று கேட்டார்.

"அய்யய்யோ, அதெல்லாம் யாரு கட்டுவாங்க? இல்லவே இல்லைங்க" என்றாள் மனைவி.

சில்லு நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடியே அப்பாவைப் பார்த்தாள். உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். வலியோடு வலியாக இத்தனை நாளும் அவள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நான்தாங்க கட்டினேன்" என்றான். "ஜடை ரப்பரு. ஒருநாள் காணோம், முழுங்கிட்டாளோன்னு நெனச்சேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது கீழ விழல. முழுங்கவும் இல்ல. ஈறுக்குள்ள ஏறிடுச்சு. வேர் மேல போகப்போக ஒடுங்கியிருக்கும், அதனால வழுக்கி ஏறிக்கிட்டே போகும். சுத்தியிருக்கிற எலும்பெல்லாம் போயிடுச்சுங்க. ரெண்டு பல்லையும் எடுத்தாகணும்."

"பெரிய பல்லு வருமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். உள்ள இருக்கிற முளைக்குச் சேதம் உண்டான்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

"சந்தோட இருந்தா பெரிய பல்லும் அப்படியே வந்துடும்னுதான்..." என்று டைல்ஸ்காரன் இழுத்தான்.

"பால் பல்லுல சந்து இருக்கறது நல்லதுங்க. பின்னால வர்ற பல்லு அகலமா இருக்கும், அதுக்கு இடம் வேணும்ல? இடம் இல்லேன்னாத்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்."

அவன் தரையைப் பார்த்தான். யாரோ கைதேர்ந்தவன் போட்ட தரை. டைலுக்கு டைல் இரண்டு மில்லி, மூலைக்கு மூலை ஒரே சீர். அந்த வீட்டுக்கார அம்மாவிடம் தான் அடித்துப் பேசிய பேச்சு முழுதும் நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது பெற்ற பிள்ளையிடம் ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டுக்கொண்டான்.

எவர்சில்வர் தட்டில் இரண்டு பல்லும், ஜடை ரப்பர் ஒன்றும் கிடந்தன.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் மனைவி பேசினாள். "கட்டினீங்க, சரி, புத்தி கெட்டுப்போச்சு. புள்ளைய வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொன்னீங்களே, அதை நான் என்னன்னு சொல்றது?" அதற்குப் பிறகு அவள் அவனிடம் சாப்பிடக் கூப்பிடுவதற்கு மட்டும்தான் பேசினாள்.

ஈறு ஆறி, சில்லு மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். அங்கே பிள்ளைகள் "கிழவி, கிழவி" என்றார்களாம். டீச்சர்தான் சொன்னார், இவள் சொல்லவில்லை.

ஒருநாள் சாயங்காலம் டைல்ஸ்காரன் கலவைச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேண்டுமென்றே சுவரில் முட்டி முட்டி நடந்தான். எவ்வளவு நேரம்தான் பிள்ளை தாக்குப்பிடிக்கும்? சிரித்துவிட்டாள். சிரிப்பதற்கு முன்னால் அவளுடைய இடது கை எழுந்து வாயைப் பொத்தியது.

அவன் சட்டியைக் கழற்றிக் கீழே வைத்தான். அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்து காட்டினான். "இங்க பாருடா சில்லு, அப்பாவுக்கும் ஓட்டைதான். ஈ... நீயும் காட்டு பாப்போம்."

சில்லு பயந்துபோய் வாசல் பக்கம் பார்த்தாள். பொத்திய கையை எடுக்காமல், இன்னொரு கையால் அவசரமாக அவன் வாயை மூடினாள்.

"மூடிக்கோப்பா, யாராவது பாத்துடுவாங்க" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."