சூடாமணியின் ஒன்பது

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் சூடாமணியின் இடது விலாவைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. பால் பாக்கெட் போடுகிறவருக்குத் தெரியும். காலையில் கோயிலுக்குப் போகிற மாமிகளுக்குத் தெரியும். அவர்கள் அவள் வீட்டு ஜன்னலைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பத்மநாபசுவாமியைப் பார்க்கப் போவார்கள். அக்கறைதான். அந்தத் தெரு அக்கறைக்குக் கண் கொஞ்சம் பெரிது, அவ்வளவே.

போன மகர மாதம் அவளுக்கு அக்கி வந்தது. முதுகிலிருந்து மார்புக்கடி வரை பாதி ஒட்டியாணம் கட்டினாற்போலக் கொப்புளங்கள். மூன்று வாரத்தில் அவை காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை. ரவிக்கை உரசினால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். ஒன்றும் படாமலேகூடச் சில சமயம், காய்ச்சிய கம்பியை யாரோ உள்ளுக்குள் இழுத்தாற்போல ஓர் இழுப்பு வரும். அவள் பேசிக்கொண்டிருக்கிற பேச்சு பாதியில் அறுந்துவிடும்.

வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அவள் செய்த பெரிய தப்பு அதுதான். கையிலோ காலிலோ ஒரு மாவுக்கட்டு இருந்திருந்தால் தெரு வாயை மூடிக்கொண்டு ரசம் கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

அவள் புருஷன் சுந்தரராமன் முப்பத்துநாலு வருஷம் ஆடிட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது என்பதை அவரிடம் யாராவது சொன்னால் நல்லது. வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தத் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கல்யாணம் யாருக்கு என்று பார்ப்பார். வித்துராவில் ஒரு ஜீப் டிரைவரை அவர் பிடித்த கதை அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடப் பாடம். அந்த டிரைவர் லாக் புத்தகத்தில் தினமும் எண்பது கிலோமீட்டர் என்று எழுதியிருந்தான். மலைமேல் மழை பெய்த அன்றும் எண்பது, ஹர்த்தால் அன்றும் எண்பது. நிஜமான எண் என்றால் ஏறி இறங்கும், ஏறி இறங்காத எண் பொய் என்பது சுந்தரராமனின் வேதவாக்கு.

இப்படிப்பட்டவர் கையில்தான் சூடாமணியின் நோட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது.

முதலில் பார்த்த டாக்டர், ஸ்கேனில் ஒன்றும் காணோம், மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு யாரோ சொல்லி, வலிக்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே டாக்டர் பினு சுவாமிதாஸ். பாறசாலைக்காரர், தமிழ் பேசுவார். அக்கி நரம்பைத் தின்றுவிட்டுப் போனதால் வருகிற வலி இது, நிஜமான வலி, முழுக்கப் போகாவிட்டாலும் அடக்கி வைக்கலாம் என்றார். ராத்திரிக்கு ஒரு காப்ஸ்யூல் எழுதினார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் குறித்துவரச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்தார். ஆட்டோ குலுக்கல் அவளுக்கு ஆகாதென்று, பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் போதும் என்றார்.

சூடாமணி கட்டிலில் இருந்தபடி எண்ணைச் சொல்வாள். சுந்தரராமன் மேஜைக்குப் போய் எழுதுவார். ஒம்பது என்பாள். மதியம் ஒம்பது. ராத்திரி எட்டு. மறுநாள் ஒம்பது, ஒம்பது, எட்டு.

பத்து நாள் அப்படியே எழுதினார். பதினொன்றாம் நாள் பேனா நின்றது. வித்துரா ஜீப் அவர் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும்.

அதோடு அன்று காலை இன்னொன்றும் நடந்திருந்தது. எதிர்வீட்டு நீலாம்பாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, சமூக மடத்துக் கல்யாணத்தில் சம்பந்தி மாமா பாயசத்தில் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பந்தி முழுக்கத் தேடிய கதையைச் சொன்னாள். சூடாமணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சுந்தரராமனைக் கடக்கும்போது நீலாம்பாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, ஒண்ணும் நெனச்சுக்காதீங்கோ. வலிக்கறவா இப்படிச் சிரிப்பாளோ?"

மதியம் சூடாமணி ஒம்பது என்றாள். கட்டிலுக்கும் மேஜைக்கும் நாலடி தூரம். அந்த நாலடிக்குள் ஒன்பது ஆறாகிவிட்டது.

எல்லாம் அவளுக்காகத்தான் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். தினமும் ஒன்பது என்று போனால் இந்த டாக்டரும் மனசு, சந்தோஷம் என்று ஆரம்பித்துவிடுவார். நம்புகிற மாதிரி எண் வேண்டும். ஒருநாள் ஏழு, ஒருநாள் ஐந்து, நடுவில் நம்பகத்துக்கு ஓர் எட்டு. ஆடிட் ஆபீஸில் எவனாவது இவ்வளவு அழகாகப் பொய்க்கணக்கு எழுதியிருந்தால் சுந்தரராமனே அவனைப் பிடித்திருக்க முடியாது.

நோட்டு ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் டாக்டர் போன் செய்தார். சூடாமணி குளித்துக்கொண்டிருந்தாள், வலிக்குப் பயந்து சொம்பு சொம்பாக, முக்கால் மணி நேரம் குளிப்பாள்.

"சார், நோட்டு பாத்தேன். நல்ல குறைவு உண்டு," என்றார் டாக்டர். "அம்மாவுக்குத் தலைசுத்து வேற இருக்குன்னு எழுதியிருக்கியளே. ராத்திரி காப்ஸ்யூலைப் பாதியாக்கிப் பாப்போம். அம்மா என்ன சொல்லுதாங்க?"

உண்மையைச் சொல்ல அவருக்குக் கதவு திறந்துதான் இருந்தது. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு நன்றாகவே திறந்திருந்தது. குளியலறையில் சொம்பு வாளியில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"அவளும் அப்படித்தான் சொல்றா, டாக்டர்," என்றார் சுந்தரராமன்.

அடுத்து வந்த மூன்று வாரத்தை அந்தத் தெருவே பார்த்தது, பார்த்தது இன்னதென்று தெரியாமல். சூடாமணி ரவிக்கையை விட்டுவிட்டு, அவருடைய பழைய மல் ஜிப்பாவைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வருவதில்லை. மேட மாதக் கோடைப் புழுக்கத்திலும் அந்த வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. எதிர்வீட்டிலிருந்து பார்த்த நீலாம்பாள், சிக்கனம் என்று முடிவு கட்டினாள். சுந்தரராமன் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, கட்டிலில் அவள் பல்லைக் கடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காப்ஸ்யூலை முழுசாகவே கொடுத்துவிடலாமா என்று எடுத்துக்கூடப் பார்த்தார். டாக்டர் சொல்லாததைக் கொடுப்பது ஒழுங்கில்லை என்று திரும்ப வைத்துவிட்டார். அப்போதும் அவருக்கு ஒழுங்கு முக்கியம்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். டாக்டருக்குப் போன் செய்ய மூன்று தடவை எடுத்தார். மூன்று தடவையும் மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

இருபதாம் நாள் மதியம் நோட்டோடு வந்து, எத்தனை என்று கேட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆறுன்னு போடுங்கோ."

"ஆறா?"

"டாக்டர் குறைஞ்சிருக்குன்னு சொல்றாரே. அவருக்குத் தெரியாததா? நேக்குத்தான் ஒண்ணுமில்லாததைப் பெரிசாத் தோணறதோ என்னவோ." அவள் இன்னொரு இழுப்பு வந்து போகும்வரை காத்திருந்து சொன்னாள். "ஆறே போடுங்கோ."

சுந்தரராமன் மேஜைக்குப் போனார். முதல் தடவையாக அவள் சொன்ன எண்ணை மாற்றாமல் எழுத வேண்டிய வேளை வந்தது. அந்த எண் பொய். பேனாவைத் திறக்காமலே நோட்டை மூடினார்.

மறுநாள் கிளினிக்கில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். காப்ஸ்யூலை அடியோடு நிறுத்துவதற்கு முன்னால் ஒருதடவை அம்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டால் இந்த வீட்டில் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசிக்கச் சுந்தரராமனுக்குத் தைரியமில்லை. ஆட்டோவில் அவள் வலப்பக்கம் சாய்ந்து, விலாவுக்கும் புடவைக்கும் நடுவே ஒரு துவாலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரிடம், மெல்ல, மெல்ல என்று அவர் கெஞ்சினார். அந்த அளவுக்கு நல்ல மனுஷன்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அவள் உள்ளே வந்ததும் டாக்டர் தாமாகவே எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். நோட்டைப் புரட்டினார்.

"அம்மா, இப்போ எத்தனை?"

"ஆறுன்னு தோணறது. நேக்கே சரியாச் சொல்லத் தெரியலை, டாக்டர்."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே சீட்டை இழுத்து எழுதப் போனார்.

"எழுதாதீங்கோ, டாக்டர்," என்றார் சுந்தரராமன்.

பேனா நின்றது.

"அந்த நோட்டுல இருக்கறது அவ சொன்னதில்லை. நான் போட்டது. அவ ஒம்பதுன்னா, நான் ஆறு போட்டேன்."

"அது எதுக்கு சார்?"

சுந்தரராமன் முன்பு பார்த்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். மிகையென்று நினைத்துவிடக் கூடாதே என்று பயந்ததைச் சொன்னார். ஏறி இறங்காத எண்ணைப் பற்றியும் ஏதோ சொன்னார். எல்லாம் உண்மைதான். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்த பிறகும் கேட்பதை நிறுத்தாமல் இருந்தார்.

"நம்பலை, டாக்டர்," என்றார் கடைசியில். "அவ சிரிச்சதைப் பாத்தேன். அதுனால நான் நம்பலை."

சூடாமணி நின்றுபோன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேதனை உள்ளவங்களும் சிரிப்பாங்க, சார்," என்றார் டாக்டர். "சிரிக்கலேன்னா பின்ன எப்பிடி நாளைத் தள்ளுகது?" அதற்குமேல் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுந்தரராமனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளிடம் பேசினார். "அம்மா, நோட்டு கிடக்கட்டு. நான் சொன்னதும் கிடக்கட்டு. உங்களுக்கு எத்தனை?"

அவள் பழக்கத்தில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்திருந்தார்.

"ஒம்பது," என்றாள். பிறகு, இவ்வளவு நாளும் யாரோ பிடித்து வைத்திருந்ததைக் கைவிட்டாற்போல வேகமாகச் சொன்னாள்: "முன்னே ராத்திரி மட்டும் எட்டா இருந்தது. இப்போ அதுவும் ஒம்பது. சில நாள் எண்ணே கெடையாது."

காப்ஸ்யூலைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, பதினைந்து நாளில் இன்னும் ஒரு படி ஏற்றலாம் என்றார் டாக்டர். விலாவில் ஒட்டிக்கொள்ள மரத்துப்போகச் செய்கிற பட்டை ஒன்றும் எழுதினார். பூஜ்யத்துக்கு வராது, நாலுக்கோ ஐந்துக்கோ வரும், அதில் கொஞ்சம் வேலை, கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் நடை என்று வாழப் பழகிக்கொள்ளலாம் என்றார். நோட்டை அவளிடமே கொடுத்தார்.

ஆட்டோ தம்பானூர் தாண்டியபோது அவள் கேட்டாள்.

"எத்தனை நாள் மாத்தினேள்?"

"நாப்பத்தோரு நாள்."

"ஒரு மண்டலம்," என்றாள் சூடாமணி. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள்கூட அவ்வளவு கட்டுப்பாடாக இருக்கமாட்டார்கள். பழவங்காடிக் கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் ஆட்டோ நின்றபோதும், பிறகு நகர்ந்தபோதும், அவள் நோட்டை மடியிலேயே வைத்துப் பிடித்திருந்தாள்.

வாசலில் நீலாம்பாள் நின்றிருந்தாள். தற்செயலாகத்தான், ஒன்றரை மணி நேரமாகத் தற்செயலாக நின்றிருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"மருந்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கார்," என்று சொல்லிவிட்டு சூடாமணி உள்ளே போய்விட்டாள். புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நீலாம்பாள் புருவத்தைத் தூக்கினாள். "கூட்டினாரா? குறைஞ்சிருக்குன்னுதானே நீங்கோ சொன்னேள், அண்ணா?" அந்தப் புருவத்தில் எல்லாம் இருந்தது. பாவம் இந்த மனுஷன், இந்த மாமியும் அவள் விலாவும் என்று. சாயங்காலத்துக்குள் அந்தப் புருவம் தெரு முழுக்கப் போய்விடும்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு அவரும் உள்ளே போயிருக்கலாம். அவருக்குச் சூடாமணி அந்த வழியையும் விட்டுவைத்திருந்தாள்.

"குறையவே இல்லை, நீலாம்பாள்," என்றார். "நான் நோட்டுல பொய்யெழுதினேன். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைச்சுட்டார். மூணு வாரமா அவ வெந்துண்டு கிடந்தா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துண்டிருந்தேன்."

நீலாம்பாளின் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய செய்தி இவ்வளவு சுலபமாகக் கையில் வந்து விழுந்தது கிடையாது. முகம் மலரத்தான் பார்த்தது. பாதி மலர்ந்தபோது பாயசக் கண்ணாடிக் கதை நினைவு வந்திருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டது.

"நான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அண்ணா."

"நீங்கோ சொன்னேள். கேட்டுண்டு போய் எழுதினது நான்."

சாயங்கால தீபாராதனைக்குள் விஷயம் தெருவைத் தாண்டிவிட்டது. மாத்திரையை அவர் கிணற்றில் போட்டார் என்றார்கள். டாக்டர் அவரைப் போலீஸில் சொல்வேன் என்றாராம் என்றார்கள். எப்படியானாலும், மாமிக்கு நிஜமாகவே வலி என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். மறுநாள் காலை இரண்டு வீடுகளிலிருந்து ரசம் வந்தது.

சூடாமணி ஐந்து நாள் அவரிடம் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. எண்களைத் தானே எழுதினாள். ஆறாம் நாள் பட்டை ஒட்டுவதற்கு முதுகுப்பக்கம் கை எட்டாமல் அவரைக் கூப்பிட்டாள். அவர் விரல் பட்டதும் அவள் உடம்பு துள்ளியது. அந்தத் துள்ளல் அவர் விரலிலேயே தங்கிவிட்டது.

இப்போது அவரைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இன்று கோயில் நடையிலிருந்து வந்த சமூக மடத்துக் காரியதரிசி, வேண்டுமென்றே குரலை உயர்த்தி வாசலில் நின்று கேட்டார்.

"என்ன ஓய், மாமிக்கு இன்னிக்கு எத்தனை?"

சுந்தரராமன் உள்ளே போனார். அவள் முறம் நிறையப் பயறு வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் வந்த ஏதோ வேடிக்கைக்குச் சிரித்த சிரிப்பு முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. அவர் கேட்டார்.

"ஏழு," என்றாள்.

முறத்தைப் பார்த்தார். சிரிப்பைப் பார்த்தார். நிஜமாவா என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. இத்தனைக்குப் பிறகும் வந்தது. அவள் புடைப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாசலுக்கு வந்தார்.

"ஏழு," என்றார், எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.