மூடி முதலாளியின் மியூசியம்

“அதெல்லாம் சரி, இந்தக் கம்பித் தடுப்பு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டார், ஒரு காலத்தில் அங்கே பிரஸ் மெஷின் ஓட்டிய பிரஸ்காரர்.

“அண்ணே, மெதுவா!” முதலாளியின் செயலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். “பார்க்க வர்றவங்க மெஷினுக்குள்ள கையை விட்டுடக் கூடாதுல்ல.”

“கரண்டே இல்லாத மெஷின்ல கையை விட்டா என்னய்யா ஆகும்?”

ஒன்றும் ஆகாதுதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே தகரக் கொட்டகையில், இதே மெஷின் தடதடவென்று பாட்டில் மூடி அடித்துக்கொண்டிருந்தபோது ஆனது. தடுப்பு இருந்தால் மணிக்கு நூறு மூடி குறைகிறது என்று முதலாளியே ஸ்பானரை எடுத்துக் கழற்றி மூலையில் எறிந்தார். மூன்றாம் நாள் பிரஸ்காரரின் வலது கையில் இரண்டு விரல் போனது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் பக்கத்து மெஷின்காரன். முதலாளி அப்போது, ரத்தம் காய்வதற்குள் மெஷினைத் துடையுங்கடா என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த மூடிகளை விற்றே அவர் பெரிய மனுஷன் ஆனார். தேர்தலில் நின்றார். மூன்று கட்சி தாவி மந்திரியும் ஆனார். பதவி போன மறு மாசமே வள்ளல் ஆகிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில் கொடுத்தால் அதன் நாலு காலிலும் அவர் பெயர் இருக்கும். இப்போது கொட்டகைக்கு ஏ.சி. போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார். உள்ளே, சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்வையோடு மெஷின் ஓட்டும் முதலாளி பொம்மை வேறு. வியர்வைகூடப் பெயின்ட்தான்.

திறப்பு விழாவில் பிரஸ்காரர் ஒரே ஒரு வரி பேச வேண்டும்: அடிபட்ட அன்று முதலாளிதான் தூக்கிக்கொண்டு ஓடினார். பேசினால் முதலாளியின் டிரஸ்ட் நடத்தும் நர்சிங் காலேஜில் அவர் மகளுக்கு இலவச சீட். விண்ணப்பத்தில் மேடையிலேயே கையெழுத்து.

“பிடிக்கலைன்னா விட்டுருங்கப்பா. நான் துணிக்கடை வேலைக்கே போயிக்கிறேன்” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. ஒரு வரி சொன்னா எனக்கென்ன நாக்கா தேஞ்சுடும்?”

மேடையேறினார், சொன்னார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அதோடு விட்டிருக்கலாம். முதலாளிக்குத் தட்டலைக் கேட்டால் தலைகால் புரியாது. பிரஸ்காரரின் கையைப் பிடித்து கேமராக்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

“அன்னைக்கு இவன் குடிச்சிட்டு வந்துல்ல மெஷின்ல கையை விட்டான்! வேற முதலாளியா இருந்தா விரட்டியிருப்பான். நான் விரட்டினேனா?”

அதற்கும் கூட்டம் தட்டியது. தட்டத்தானே பஸ் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

பிரஸ்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வாயைத் திறந்தார். முன்வரிசையில் மகள் விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றார்.

மகளைக் கூப்பிட்டார்கள். விண்ணப்பத்தில் பாதிப் பக்கத்தை அடைத்து முதலாளி கையெழுத்துப் போட்டார். செயலாளர் முத்திரை குத்தினார். அவள் மை காய ஊதினாள். மடித்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஐயாவுக்கு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா” என்று செயலாளர் மைக்கை நீட்டினார்.

“கையெழுத்துக்கு ரொம்ப நன்றிங்கய்யா. எங்கப்பா குடிக்க மாட்டாரு. அந்தத் தடுப்பைக் கழட்டுனது நீங்க. அப்பாவைத் தூக்கிட்டு ஓடுனது நீங்க இல்ல. சரி, அது போகட்டும். திங்கக்கிழமை காலேஜுக்கு வந்துடுறேன்.”

கூட்டம் பழக்கதோஷத்தில் இதற்கும் தட்டியது. ஒட்டவைத்த சிரிப்போடு முதலாளியும் இரண்டு தட்டு தட்டினார்.

பஸ் ஸ்டாப் வரை பிரஸ்காரர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வந்ததும் பொரிந்தார்.

“கையில வந்த சீட்டை இப்படிக் கெடுத்துக்கிட்டியேடி!”

“எதுக்குப்பா கெடும்? அத்தனை கேமரா முன்னாடி போட்ட கையெழுத்து. இல்லைன்னு எப்படிச் சொல்லுவாரு?”

“மூணு கட்சிக்கு இல்லைன்னு சொன்ன வாய்டி அது!”

“சொல்லட்டுமே. அதையும் கேமரா முன்னாடியே சொல்லட்டும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் திட்டுவதை விடவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள், இறங்கும்வரை இதே சண்டைதான். திங்கட்கிழமை அந்தப் பெண் காலேஜ் வாசலில் போய் நிற்கத்தான் போகிறாள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, உள்ளே விடுவார்களா, மாட்டார்களா?