புகை வந்தால் நாங்களும் வருவோம்

சாயங்காலம் டீ குடித்த கையோடு கீழ்வீட்டு டிரைவர் பால்கனிக்கு வந்து சிகரெட் பற்றவைப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். புகைக்கென்ன, மூட்டுவலியா, மாடி ஏற யோசிக்க? நேராக மேல்வீட்டு ஜன்னலில் நுழைந்துவிடும். அங்கே மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று இருந்தது. அதற்கு வீசிங். புகை பட்டதும் நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பிக்கும். பிறகு விடிய விடிய அம்மாவின் மடிதான் படுக்கை.

அம்மா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்த வருகிறவனைக்கூட "உக்காருங்க சார்" என்று அடக்கி உட்காரவைத்துவிடுவாள். கணவனோ "அக்கம்பக்கத்துல பகைச்சுக்காதே" என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறவன். நல்ல மனுஷன்தான், இந்த மாதிரி விஷயத்துக்கு உதவமாட்டான். அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"சார், புகை மேல வருது. குழந்தைக்கு மூச்சு விட முடியல."

"என் பால்கனி, என் சிகரெட்டும்மா. காத்துக்கு நானா வழி சொல்லி அனுப்பறேன்? ஜன்னலைச் சாத்திக்கோ."

"சாத்தினா வேகுது சார். நீங்க உள்ள உக்காந்து பிடிக்கலாமே?"

டிரைவரின் மனைவி பதறிப்போய் முன்னால் வந்தாள். "ஐயையோ, வீட்டுக்குள்ளயா! திரைச்சீலையெல்லாம் நாறிப்போயிடும். நான் விடவே மாட்டேன்!"

ஆகா! ஒரு குழந்தையின் நெஞ்சைவிட இவர்கள் திரைச்சீலை உசத்தியாம். அவள் ஹாலை ஒரு நோட்டம் விட்டாள். துளி புகையில்லை. சோபா வேறு மெத்தென்று இருந்தது.

மறுநாள் புகை எட்டிப் பார்த்ததும் குழந்தை, தலையணை, மூச்சு மருந்து மிஷின் சகிதம் இறங்கி மணியை அடித்தாள்.

"எங்க வீட்ல புகை சார், உங்க வீட்ல இல்ல. நீங்க முடிக்கிறவரைக்கும் இங்க இருந்துட்டுப் போறோம். நிதானமா பிடிங்க, அவசரமே இல்ல."

சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் பற்றவைத்தால் மணி அடிக்கும். குழந்தை ரிமோட்டைப் பிடுங்கியது, திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கியது, டிரைவரைத் தாத்தா என்று கூப்பிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றியது.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா இது?"

"அது உங்க கையில இருக்கு சார்."

கையில் சிகரெட்தான் இருந்தது.

ஒருநாள் இறங்கி வருவதற்குள்ளேயே குழந்தைக்கு மூச்சு முட்டிவிட்டது. "கொஞ்சம் வச்சுக்கோங்க சார்" என்று அவர் மடியில் போட்டுவிட்டு மிஷினை மாட்டப் போனாள். அவருடைய உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன விலா எலும்புகள் குழிந்து குழிந்து எழுந்தன. விசிலும் கேட்டது. டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது.

"எப்பவும் இப்படித்தானா?"

"நீங்க இப்பத்தான் கேக்கறீங்க சார். எனக்கு ராத்திரியெல்லாம் இதே பாட்டுதான்."

அதற்கு மறுநாள் புகை வரவில்லை. அடுத்த நாளும் இல்லை.

"பாத்தியா, பேசாம இருந்தா எல்லாம் தானா சரியாகும்" என்றான் கணவன். அவள் பார்த்த பார்வையில் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

வாரம் ஒன்று போயிருக்கும். இப்போது மேல்வீட்டில் மணி அடித்தது. வாசலில் டிரைவர்.

"பாப்பா இப்பல்லாம் வர்றதே இல்லையே?"

"புகை வர்றதில்லையே சார்."

"விட்டுட்டேன்னு பொய் சொல்லமாட்டேம்மா. தெருமுனைக்குப் போய்ப் பிடிக்கிறேன்." தலையைச் சொறிந்தார். "புகை வராட்டியும் நீங்க வரலாமே. வீட்ல அவளும் தேடறா."

கேட்டதுதான் தாமதம், குழந்தை அம்மாவின் காலிடுக்கில் புகுந்து தடதடவென்று படியிறங்கி ஓடியது.

"ஓடாதேடி, மூச்சு வாங்கும்!"

கத்திக்கொண்டே பின்னால் ஓடி, கடைசிப் படியில் பிடித்து, வழக்கம்போல் அதன் முதுகில் காதை வைத்தாள். விசில் இல்லை. நம்பாமல் மறுபடியும் வைத்துக் கேட்டாள். வெறும் மூச்சுதான் வந்து போய்க்கொண்டிருந்தது.