ஐந்தாம் கேள்விக்கு ஜெசிதா எழுதிய எஞ்சின்

1.

இது ஒட்டுக்கேட்ட கதை. குருநகர்ப் பக்கம் ஒரு கடையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். இலக்கியச் சோதனை முடிந்து வந்த இரண்டு பிள்ளைகள் பக்கத்து மேசையில் கதைத்தார்கள். காதில் விழுந்தது நாலே வசனம்; மிச்சம் என் சரக்கு. (பள்ளியில் இலக்கியத்துக்கு நான் எடுத்தது முப்பத்தெட்டு. அதனால்தான் எழுத்தாளனானேன், வேறு வேலை யார் தருவார்?)

2.

முதல் தொடக்கம்: "மணி அடித்தது. தூரத்தில் கடல்..."

வேண்டாம். முதல் வரியிலேயே கடலைக் கூப்பிட்டால் அது கதை முழுக்கக் குந்திக்கொண்டிருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: கடையை எடுத்துவிட்டு, பள்ளிக்கூட வேம்பின் கீழ் உட்கார ஒரு வாங்கு போட்டேன். அதில் ஜெசிதா. மூன்று மணித்தியாலம் குனிந்து எழுதிவிட்டு நிமிர்ந்தவளுக்கு உலகம் வெளிறிக் கிடந்தது. வேம்பின் நிழலைக்கூட யாரோ பென்சிலால் தீட்டியது போலிருந்தது. அந்த மயக்கத்துக்குள் சிநேகிதி லவீனா வந்து விழுந்தாள்.

"அஞ்சாவதுக்கு என்னடி எழுதினனீ?"

கேள்வி: கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத பெண்ணின் மனநிலையைப் பாடக்கதையைக் கொண்டு விளக்குக. (பாடக்கதையும் என் கற்பனைதான். தேடாதீர்கள்.)

"அவ சனிக்கிழமையிலை படகு எஞ்சினைத் தண்ணிப் பீப்பாக்குள்ளை இறக்கி ஸ்டார்ட் பண்ணுறதை எழுதினன். இறுகிப்போகாமல் இருக்க."

"எஞ்சினோ? விசரி! அந்தாள் துடுப்பு வலிச்செல்லோ போனவர்! பீப்பா எங்கையடி வந்தது?"

ஜெசிதா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பீப்பா வந்தது அவளுடைய வீட்டு முற்றத்திலிருந்து.

3.

அவளுடைய அப்பா, தன் எஞ்சின் பழுதென்று வேறொருவர் படகில் போனவர். போய் இரண்டு வருசம், இன்னும் திரும்பவில்லை. அம்மா எஞ்சினைத் திருத்தி எடுத்துவிட்டார். சனிக்கிழமைகளில் கடலில்லாத முற்றத்தில் பத்து நிமிசம் ஒரு படகு ஓடும். என்ன சத்தமென்று யாரும் கேட்டால், தண்ணீர்ப் பம்பி என்று ஜெசிதா சொல்லுவாள்.

(இங்கே அம்மாவைப் பற்றி ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். "அவர் அழுவதில்லை, ஏனென்றால்" — ஏனென்று எனக்குத் தெரியாது. அப்படியே கிடக்கட்டும்.)

பத்மாவதி ரீச்சருக்கு ஒரு பழக்கம். திருத்திய பிறகு, வித்தியாசமான விடைகளை வகுப்பில் வாசிப்பார். பெயர் சொல்லமாட்டார், யாருடைய காது சிவக்கிறதென்று வகுப்பே திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

"உது உன்ரை அம்மாவோ?" லவீனாவின் குரலில் இப்போது பகிடி இல்லை.

"ஓம்."

"ஐயோ, திங்கட்கிழமை வாசிக்கப்போறா. எழும்பு, ரீச்சரிட்டைப் போவம்."

4.

"ரீச்சர், என்ரை அஞ்சாவது விடையை வாசிக்காதேங்கோ."

பத்மாவதி ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிழையா எழுதிப்போட்டியே? பிழையெண்டால் கீறிப்போட்டு விடுறன், ஒருத்தருக்கும் வாசிக்கமாட்டன். சரியெண்டால் ஏன் ஒளிக்கிறாய்? சொல்லு பிள்ளை, பிழைதானோ?"

முடிவு அ: "ஓம், பிழை" என்கிறாள். ரகசியம் தப்பியது. அம்மாவுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. வெட்டிவிட்டேன்.

முடிவு ஆ: "இல்லை, சரி" என்கிறாள். திங்கட்கிழமை, முப்பத்தாறு பிள்ளைகளுக்கு முன்னால் அம்மா எஞ்சினைப் பீப்பாவுக்குள் இறக்குகிறார். கடைசி வாங்கிலிருந்து யாரோ ஒருத்தி சிரி—

இதையும் வெட்டிவிட்டேன்.

மூன்று நாளாக அந்தப் பிள்ளையை ஆசிரியர் அறை வாசலிலேயே நிற்கவைத்திருக்கிறேன். கால் உளையும், பாவம். லவீனா கையைப் பிடித்திருக்கிறாள். ரீச்சர் பேனையைத் திறந்துவிட்டார். என்னைக் கேட்காதீர்கள், நான் முப்பத்தெட்டுக்காரன். அந்த விடையை வாசித்தவர் நீங்கள் மட்டும்தான்.

சொல்லுங்கள், பிழையா?