ஹெங்க் அருவியில் முப்பத்து நான்காம் நினைவு நாள்

நேபாளத்துப் பொக்காராவில் இயற்கை அழகை வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுத்தவர் யாரோ, எங்கள் வார்டு வந்தபோது சாப்பிடப் போய்விட்டார். பக்கத்து வார்டுக்கு வௌவால் குகை. அதற்கடுத்ததற்கு ஏரியும் படகுகளும். எதிர்க் குன்றில் வெள்ளை ஸ்தூபி. அதற்கும் அப்பால், யாரோ வெளிநாட்டுக்காரர் விழுந்ததால் பெயர்பெற்ற அருவி. எங்களுக்கு வாய்த்தது ராத்தோபானி என்கிற பள்ளம். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் விழும். மற்ற மாதங்களில் பிளாஸ்டிக் பை விழும். மச்சபூச்சரே மலை எல்லா வார்டுக்கும் பொதுதான், ஆனால் காலை எட்டு மணிக்கெல்லாம் மேகத்துக்குள் போய்விடும். வார்டு ஆபீசுக்கு அலைந்தவர்கள், அதுவாவது எட்டு மணிவரை இருக்கிறதே என்பார்கள்.

எங்கள் வார்டு தலைவர் கடானந்த பராலுக்கு இது தாங்கவில்லை. ராத்தோபானியில் யாராவது விழுந்திருக்கிறார்களா என்று ஆறு மாதம் விசாரித்தார். மாடு விழுந்திருந்தது. இரண்டு கவுன்சிலர்கள் விழுந்திருந்தார்கள், ஆனால் எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். கடைசியில் தில்மாயா புன் கிடைத்தாள்.

அவளுடைய டீக்கடை ஏரிக்கரையில் இருந்தது. கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லி ஒரு நாள் அதை இடித்துவிட்டார்கள். வேறு இடம் கேட்டு அவள் வார்டு ஆபீசில் தவம் கிடந்தாள். பெயர்ப்பலகை எழுதுகிற நானும் அன்று அங்கே இருந்தேன்.

"நீ சின்ன வயசுல லாட்ஜுல வேலை பார்த்தியாமே. அங்க தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ராத்தோபானியில விழுந்தாராமே?" என்றார் தலைவர்.

"விழுந்தாரு தலைவரே. முப்பத்து நாலு வருஷம் இருக்கும். ஹெங்க்னு பேரு, ஹாலந்துக்காரர். தாடை கிழிஞ்சு, கால் ஒடிஞ்சு... நாலு பேரு கயிறு கட்டித் தூக்குனோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போயிட்டாரு."

தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. தில்மாயாவும் எதற்கென்று தெரியாமலே நின்றாள். இரண்டு நிமிடம்.

நான்கு நாள் கழித்து, பள்ளத்தின் ஓரம் நான் எழுதிக்கொண்டிருந்த பலகையை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'ஹெங்க் அருவி. இயற்கையை நேசித்த ஹெங்க் இவ்விடத்தில் உயிர் நீத்தார்.'

"நீத்தாரா? யோவ், கட்டுப்போட்ட காலோட காத்மாண்டு பஸ்ஸுல போனாருய்யா அவரு!"

"போயிட்டாருன்னு சொன்னியே."

"பஸ்ஸுல போனவரை வேற எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் தலைவரிடம் போனோம். அவர் அசரவில்லை.

"பலகை எழுதியாச்சு. பத்திரிகையில வந்தாச்சு. நல்லா யோசிச்சுச் சொல்லு தங்கச்சி. உனக்கு அருவி பக்கத்துல கடை போட இடம் வேணுமா, இல்ல அந்த மனுஷன் உயிரோட இருக்கணுமா?"

தில்மாயா யோசித்தாள். "நல்ல மனுஷன்தான். கோவிச்சுக்க மாட்டார்," என்றாள்.

கூட்டம் வந்தது. சாவு நடந்த பள்ளம் என்றதும், அது வெறும் பள்ளமாக இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் பள்ளத்துக்குள் பூப் போட்டார்கள். புதுமணத் தம்பதிகள் வேலிக் கம்பியில் பூட்டு மாட்டினார்கள். ஏன் என்று கேட்டால் ஹெங்க் காதல் தோல்வியில் குதித்தவர் என்றார்கள். அது நான் எழுதாதது. தில்மாயாவின் கடையில் டீயும், வளையமாகப் பொரித்த செல் ரொட்டியும் நண்பகலுக்குள் தீர்ந்தன.

மழை ஓய்கிற அசோஜ் மாதத்தில் நினைவு நாள் வைத்தார்கள். மேடையில் பதினாறு நாற்காலிகள். எங்கள் ஊரில் பேச எழுகிறவர் மேடையிலிருக்கும் ஒவ்வொருவரையும் பதவி சொல்லி விளித்த பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். மூன்றாவது ஆள் விளித்து முடிப்பதற்குள் மச்சபூச்சரே மூடிக்கொண்டது.

அப்போதுதான் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர் பலகை முன் வந்து நின்றார். கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டார். டீ ஊற்றிக்கொண்டிருந்த தில்மாயா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அய்யோ, அவர்தான்," என்றாள் என்னிடம். "என் கடை போச்சு."

நான் தலைவரின் காதில் சொன்னேன். அவர் ஒரு மூச்சு விடும் நேரம்தான் திகைத்தார். அடுத்த மூச்சில் மைக்கைப் பிடித்து, "காலஞ்சென்ற ஹெங்க் அவர்களின் உடன்பிறந்த தம்பி நம்மிடையே வந்திருக்கிறார்," என்று அறிவித்தார். பதினேழாவது நாற்காலி போட்டார்கள். கழுத்தில் மஞ்சள் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. பாவம் ஹெங்க், மூக்கு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார்.

அவரையும் பேச அழைத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார், "ஏதோ தவறு நடந்திருக்கிறது. ஹெங்க் சாகவில்லை."

தலைவர் மொழிபெயர்த்தார்: "ஹெங்க் சாகவில்லை, நம் இதயங்களில் வாழ்கிறார் என்கிறார்."

கைதட்டல் பள்ளத்தில் எதிரொலித்தது. தில்மாயா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். ஹெங்க் அவளைப் பார்த்துவிட்டார். அடையாளம் தெரிந்து சிரித்தார். அவள் இரண்டு கையையும் கூப்பித் தலையை ஆட்டினாள். அவருக்கு என்ன புரிந்ததோ, பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அத்தோடு தலைவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைதட்டல் பொல்லாதது. அவர் மறுபடி எழுந்தார்.

"இந்தப் புண்ணிய நாளில் ஒரு அறிவிப்பு. அமரர் ஹெங்கிற்குப் பன்னிரண்டு அடியில் வெண்கலச் சிலை வைக்கப்படும். இடம் தேர்வு செய்தாகிவிட்டது. அதோ, அந்த டீக்கடை இருக்கும் இடம். கடை நாளையே அகற்றப்படும்."

தில்மாயா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். யாரையும் விளிக்காமலே பேசினாள். எங்கள் வார்டு வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"இவர் தம்பியில்ல. இவர்தான் ஹெங்க். சாகல, கால்தான் ஒடிஞ்சுது. நான்தான் தூக்குனேன்."

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "உணர்ச்சிவசப்பட்டு..."

"உயிரோட இருக்கிறவருக்கு எதுக்குத் தலைவரே சிலை? அண்ணே, பேன்ட்டைத் தூக்குங்க."

அவள் தன் காலைத் தட்டிக் காட்டவே, ஹெங்க் எழுந்து பேன்ட்டை இடது முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். தழும்பு இருந்தது. கூட்டம் எக்கிப் பார்த்தது. பிறகு முன்வரிசைக் கிழவர் ஒருவர், "செத்தவரே வந்துட்டாரு, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார். மொத்தக் கூட்டமும் எழுந்தது. பூட்டு மாட்ட வந்த ஜோடிகள் முண்டியடித்தார்கள். மேடையில் நன்றியுரை சொல்ல வேண்டியவர் மட்டும் காகிதத்தோடு காத்திருந்தார்.

தில்மாயா ஹெங்க்கின் கையைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கி, தன் கடை வாசல் பெஞ்சில், சாலையில் போகிறவர்களுக்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார வைத்தாள். கையில் டீயைக் கொடுத்தாள்.

"அண்ணே," என்றாள், "விசா இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?"