பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டர் கம்பி நீட்டிய நாளிலிருந்து அவர் மனைவி மாஸ்டரம்மாவுக்கு ஒரே கேள்விதான்: இந்த மனுஷன் எந்தப் பொந்தில் உட்கார்ந்திருக்கிறார்? டிரைவிங் ஸ்கூல் நடத்தினாரே, ஒழுங்காக நடத்தினாரா? ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவர்களுக்கெல்லாம் போலி லைசென்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறார். போலீஸ் வருகிறது என்றதும் பின்சுவர் ஏறிக் குதித்து மாயமாகிவிட்டார். கோர்ட் கூப்பிட்டது, வரவில்லை. தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது, அப்போதும் வரவில்லை. கடைசியில் அவர் பேரில் இருந்த வீட்டையும் காரையும் ஜப்தி செய்துவிட்டது.

இன்றைக்கு ஏலம், வீட்டு வாசலிலேயே.

"முதல்ல காரு, அப்புறம் வீடு," என்றார் ஏலம் நடத்த வந்த கோர்ட் ஊழியரான அமீனா, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. "ஏலம் முடியறதுக்குள்ள ஆளு வந்து நின்னுட்டா எல்லாத்தையும் நிறுத்திட்டு ஜட்ஜய்யாகிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன், வீடு தப்பிச்சுடும். வரலேன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"அவரா? சாப்பிடக் கூப்பிட்டாலே மூணாவது தடவைதான் சார் வருவாரு."

அமீனா சிரித்தார். அவளும் சிரித்தாள்தான், ஆனால் கண் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் பரீட்சைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது வீடு வேறு ஒருவன் கைக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

ஏலம் கேட்க வந்தவர்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் டயரை உதைத்தார், இன்னொருவர் கதவைத் திறந்து மோந்து பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆள், கொளுத்துகிற வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். எவனோ பைத்தியக்காரன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு லாரி வேகமாக வந்தது. அந்த ஆளின் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியது.

மாஸ்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற கால் ஆச்சே! பஸ்ஸில் போனாலும், டி.வி.யில் கார் ஓடினாலும், ஏன், தூக்கத்தில்கூட அந்தக் கால் பிரேக் போடும். வீட்டைப் பார்க்க வந்தாரோ, காரைப் பார்க்க வந்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம். கத்தினால் மறுபடியும் சுவர் ஏறிவிடுவார். காவலுக்கு வந்த கான்ஸ்டபிளோ வாசற்படி ஏறவே மூச்சு வாங்குகிறவர். அவராகவே ஓடி வந்தால்தான் உண்டு.

"வண்டி ஓடுமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"டிரைவர் இன்னும் வரலயே," என்று அமீனா தலையைச் சொறிந்தார்.

"சாவியக் குடுங்க சார், நான் ஓட்டிக் காட்டறேன். மாஸ்டர் பொண்டாட்டி, எனக்கா தெரியாது?"

ஐயோ பாவம், அமீனா நம்பிக் கொடுத்துவிட்டார். கூட்டத்தைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். கியர் கரகரவென்று அலறியது. கார் தவளை மாதிரி தத்தித் தத்திக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக் கிளம்பியது. நடிப்பென்று நினைத்தால் தப்பு. அவளுக்கு நிஜமாகவே பிரேக் எது என்று தெரியாது.

பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. ஹெல்மெட் உள்ளே பாய்ந்தது. சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று அந்த சீட்டின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை ஒரு கால் ஏறி மிதித்தது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

"கிளட்ச்ச மிதி! மிதின்னா மிதிக்கணும்! அறிவிருக்காடி உனக்கு? செத்திருப்ப!"

யாரோ வழிப்போக்கன் காப்பாற்றிவிட்டான் என்று கூட்டம் கை தட்டியது. அமீனாவும் கான்ஸ்டபிளும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. கை கதவுப் பிடிக்குப் போனது.

"காட்டிக் குடுத்துடாதே. நான் இப்படியே போயிடறேன்."

"போங்க, யாரு புடிச்சா? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. கேட்டவங்களுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தீங்களே, நான் எத்தன தடவ கேட்டேன்? எனக்கு மட்டும் ஏன் குடுக்கல?"

"உனக்கா? நீ எங்கயாவது கொண்டு போய் மோதிச் செத்துட்டேன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

ஒரு நொடி அவளுக்கு மனசு இளகித்தான் போனது. பொய் சொல்லவில்லை அந்த ஆள். அடுத்த நொடியே உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப மத்தவன் பொண்டாட்டி செத்தா பரவாயில்லையா?"

கதவுப் பிடியிலிருந்து கை மெல்ல விலகியது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை இளைத்துப்போயிருந்தார்! அவளுக்குக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

அமீனா ஜன்னலில் குனிந்தவர் வாயைப் பிளந்தார்.

"நான்தான் சார், வந்துட்டேன்," என்றார் மாஸ்டர், தலையைத் தூக்காமல். "யார் யாருக்குக் குடுத்தேன்னு எல்லாத்தையும் சொல்லிடறேன். முதல்ல இவள வண்டியிலேர்ந்து இறக்குங்க சார்."

"ஏலம் கிடையாது, எல்லாரும் கிளம்புங்க!" என்று அமீனா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கான்ஸ்டபிள் கையைப் பிடிக்க, மாஸ்டர் இறங்கினார். இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"கைப்பிரேக்கப் போட்டுட்டு இறங்கு."

"எதுங்க அது?"

கான்ஸ்டபிள்கூடச் சிரித்துவிட்டார். மாஸ்டர் கெஞ்சுகிற மாதிரி அவரைப் பார்த்து, அனுமதி வாங்கி, திரும்பி வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை இழுத்துவிட்டார். அந்தக் கையை மாஸ்டரம்மா கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.